காதோரம் நின்ற கவிஞர்

சிரியாவின் வடகிழக்கே, துருக்கி எல்லையை ஒட்டிய ஓர் ஊரில் கலியாணம் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வெளி. பிளாஸ்டிக் கதிரைகள். தாங்கும் அளவையும் தாண்டி இரைகிற ஒலிபெருக்கிகள். ஒருவர் கீபோர்ட் முன்னே நிற்கிறார். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர், நீண்ட கழுத்துடைய 'சாஸ்' என்ற தந்தி வாத்தியத்தை மின்சாரம் கொடுத்து மீட்டுகிறார். தலையில் சிவப்பு வெள்ளைக் கட்டச் சால்வை, கறுப்புக் கண்ணாடி, அடர்ந்த மீசை, கையில் ஒலிவாங்கி: இவர் பாடகர். இந்த மூவரோடு நாலாவதாக ஒருவரும் நிற்கிறார். அவர் கையில் வாத்தியமும் இல்லை, ஒலிவாங்கியும் இல்லை. சிகரெட் ஒன்று புகைந்துகொண்டிருக்கிறது. ஒன்று அணைந்தால் அடுத்தது. பாடகரின் தோளோடு தோள் உரச நிற்கும் அவர், இடைக்கிடை குனிந்து பாடகரின் காதில் எதையோ சொல்கிறார். பாடகர் அதை வாங்கிக்கொண்டு ஆடுகிறவர்களின் நடுவே விறுவிறென்று நடந்துபோய்ப் பாடுகிறார். பாடி முடிந்ததும் அடுத்த அடிகளுக்காகத் திரும்பவும் அவரிடமே வருகிறார்.

பாடகர் உமர் சுலைமான். கீபோர்ட் ரிஸான் ஸஈத். சாஸ் அலி ஷாகிர். காதில் சொல்கிறவர் மஹ்மூத் ஹர்பி. அவர் கவிஞர்.

இந்த இசைக்குழுவைப் பற்றி மேற்கு நாடுகளில் நிறைய எழுதிவிட்டார்கள். எழுதியவர்களில் அநேகர் பாடகரின் சால்வையையும் கண்ணாடியையும் தாண்டிப் போகவில்லை. எனக்கோ இந்த நாலாவது ஆளைப் பற்றியே சொல்ல இருக்கிறது. நாம் கவிதைக்காரர்கள் என்பதால் இந்தச் சஞ்சிகையில் அதைச் சொல்வது பொருத்தமாகவும் இருக்கும்.

நான் இவர்களை முதலில் கேட்டது கட்டாரில். டோஹாவின் சனையாவில், கட்டடச் சாமான்கள் விற்கும் ஒரு கொம்பனியின் களஞ்சியத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலம். அங்கே லொறி ஓட்டிய ஒருவரை நாங்கள் எல்லோரும் 'ஷாமி' என்று கூப்பிடுவோம். சிரியாக்காரர் எல்லோரும் எங்களுக்கு ஷாமிகள்தான். அவர் ஒவ்வொரு முறையும் சலிக்காமல் திருத்துவார். "ஷாமி இல்லை தம்பி, நான் ஜஸ்ராவி." யூப்ரடீஸ், டைகிரிஸ் என்ற இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்துக்கு ஜஸீரா என்று பெயர். அந்த மண்ணின் ஆள் என்று அர்த்தம். மட்டக்களப்பானைக் கொழும்பான் என்று சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் அவருக்கும் இருந்திருக்க வேண்டும்.

அவருடைய லொறியில் ஒரு கசெட் எப்போதும் ஓடும். முதலில் எனக்கு அது பாட்டாகவே படவில்லை. இயந்திரம் ஒன்று வெறிபிடித்துக் குழல் ஊதுவது போலிருந்தது. நடுநடுவே ஆட்கள் கத்துவதும் பெண்கள் நாவைச் சுழற்றிக் குரவையிடுவதும் கேட்டன. ஆம், குரவை. அரபியில் அதை 'ஸகாரீத்' என்பார்கள். எங்களூர்க் கலியாண வீடுகளில் மூத்தம்மாமார் இடுகிற அதே குரவை. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான், இது ஸ்டூடியோவில் பதிந்த சாமான் இல்லை, யாரோ ஒருவரின் கலியாண வீடு என்பது எனக்கு விளங்கியது. "யாருடைய கலியாணம்?" என்று கேட்டேன். தெரியாது என்றார். யாரோ மாப்பிள்ளை, யாரோ பெண். கசெட் மட்டும் கை மாறிக் கை மாறி வந்திருக்கிறது.

அங்கே நடைமுறை அதுதான். உமர் சுலைமான் 1994 அளவில் கலியாணங்களுக்குப் பாடத் தொடங்கியவர். அன்றைய இரவுப் பாட்டு அங்கேயே பதிவாகும். ஒரு பிரதி புதுமணத் தம்பதிக்கு அன்பளிப்பு. பிறகு அதுவே பிரதியெடுக்கப்பட்டுச் சந்தைக் கடைகளில் விற்பனைக்கு வரும். இப்படி வெளிவந்த கசெட்டுகள் ஐந்நூறு அளவில் என்று சொல்கிறார்கள். ஐந்நூறு இசைத்தட்டு வெளியிட்ட பாடகர் என்று மேற்கத்தியப் பத்திரிகைகள் வாய்பிளந்தன. உண்மையில் அவை ஐந்நூறு கலியாண வீடுகள்.

பாட்டு தப்காவுக்கு உரியது. தப்கா என்பது சிரியா, லெபனான், பலஸ்தீனம், ஜோர்தான், ஈராக்கின் சில பகுதிகள் எங்கும் ஆடப்படும் வரிசை ஆட்டம். கையோடு கை கோத்தோ தோளோடு தோள் சேர்ந்தோ நின்று, நிலத்தை ஓங்கி மிதித்து ஆடுவது. வரிசையின் தலையில் நிற்பவர் கைக்குட்டையையோ மணிமாலையையோ சுழற்றி ஆட்டத்தை நடத்துவார். மண் கூரை போட்ட காலத்தில், அயலவர் கூடி வரிசையாக நின்று கூரை மண்ணை மிதித்து இறுக்கியதிலிருந்து வந்த ஆட்டம் என்று ஒரு கதை உண்டு. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, ஆட்டத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும். பலஸ்தீனத்தின் தப்காவை யுனெஸ்கோ 2023 இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஜஸீராவின் தப்காவுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அந்தப் பிரதேசத்தில் அரபிகள், குர்தியர், அசிரியக் கிறிஸ்தவர்கள், ஆர்மீனியர் எல்லோரும் கலந்து வாழ்ந்தார்கள். கலியாணப் பாடகன் இன்றைக்கு முஸ்லிம் வீட்டில் பாடினால் நாளைக்குக் கிறிஸ்தவ வீட்டில் பாடுவான். குர்திய மாப்பிள்ளைக்குக் குர்திய மொழியில் ஒன்றாவது பாடத்தான் வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து துருக்கிய மெட்டும் ஈராக்கின் 'சோபி' தாளமும் வந்து சேரும். உமர் சுலைமானின் பாட்டில் இவ்வளவும் கலந்திருப்பதற்குக் காரணம் புதுமை செய்யும் ஆசையன்று. அவருக்குப் பிழைப்புக் கொடுத்த வீடுகள் அப்படி இருந்தன.

இந்த இடத்தில் ரிஸான் ஸஈதைப் பற்றிச் சொல்லாமல் போவது அநியாயம். பழைய தப்காவில் 'மிஜ்விஸ்' என்றொரு குழல் உண்டு. இரண்டு நாணல் குழல்களைச் சேர்த்துக் கட்டியது. ஊதுகிறவர் மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே கன்னத்துக் காற்றால் ஊதுவார், ஆகவே ஓசை அறுபடாது. ரிஸான் அந்தக் குழலைக் கீபோர்ட்டில் வைத்தார். அரபிசையின் சுரங்கள் சில, பியானோவின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே விழுபவை. சாதாரணக் கீபோர்ட்டில் அவை இல்லை. அரபுச் சந்தைக்கென்று வரும் கீபோர்ட்டுகளில், வேண்டிய சுரத்தைக் கால் பங்கு இறக்கிக்கொள்ள வசதி வைத்திருப்பார்கள். ரிஸான் ஒரு கையால் அதை மாற்றி, ஓசையை வளைத்து, மறு கையால் தாளத்தையும் தட்டி, ஐந்தாறு பேர் செய்கிற வேலையைத் தனி ஆளாகச் செய்வார். 2015 இல் அவர் பெயரிலேயே ஒரு தொகுப்பு வந்தது. 'கீபோர்ட்டின் அரசன்' என்று தலைப்பு. தற்பெருமை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் லொறியில் அந்த ஜஸ்ராவி தலையை ஆட்டி "ஆ!" என்று வாய்விட்டு ரசித்தது குழலுக்கோ தாளத்துக்கோ இல்லை. தாளம் நின்று, சாஸ் மட்டும் மெதுவாகத் தொடர, பாடகர் நீட்டி இழுத்துப் பாடுகிற இடங்களுக்கு. அது என்ன என்று ஒரு நாள் கேட்டேன். 'அதாபா' என்றார்.

அதாபா என்ற பெயரே அழகானது. குறைப்படுதல், உரிமையுள்ளவரிடம் கோபித்துக்கொள்ளுதல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. நாலு அடி. முதல் மூன்று அடிகளும் ஒரே சொல்லில் முடிய வேண்டும். ஒவ்வோர் அடியிலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறாக இருக்க வேண்டும். நாலாவது அடி 'ஆப்' என்ற ஓசையில் போய் விழும். எனக்கு விளங்கட்டும் என்று அவர் லொறியை ஓரமாக நிறுத்தி ஓர் உதாரணம் சொன்னார். ஐன் என்ற சொல்லை எடுத்துக்கொள். ஐன் என்றால் கண். ஐன் என்றால் ஊற்று. ஐன் என்றால் ஒரு பொருளின் அசல், அதுவேதான். முதல் அடியில் கண் அழுகிறது, இரண்டாம் அடியில் ஊற்று வற்றுகிறது, மூன்றாம் அடியில் நீ அவளேதானா என்று கேட்கிறேன். நாலாவதில் என்ன சொல்வேன் என்று கேட்பவன் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பான்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது நம்முடைய மடக்கு. தண்டியலங்காரம் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்த சொல்லே திரும்ப வந்து பொருள் மட்டும் மாறுகிற அந்த அணியைப் பாடசாலையில் பண்டிதர்களின் வித்தை என்றுதான் கற்றோம். அங்கே அது கலியாணப் பந்தலில், எழுத வாசிக்கத் தெரியாதவனும் கேட்டுத் தலையாட்டுகிற பொருளாக உயிரோடு இருக்கிறது. அந்த நாலு அடியைக் கூட்டத்தைப் பார்த்து, மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்து, அந்தக் கணத்தில் கட்டிக் கொடுக்கிறவர்தான் காதோரம் நிற்கும் மஹ்மூத் ஹர்பி.

வேலையைப் பிரித்துக்கொண்ட விதத்தை யோசித்துப் பாருங்கள். குரல் உள்ளவனுக்குச் சொல் கட்ட வராது. சொல் கட்டுகிறவனுக்குக் கூட்டத்தை எழுப்பும் குரல் இல்லை. இருவருக்கும் இடையே இருப்பது ஒரு காது. எழுத்து கிடையாது, ஒத்திகை கிடையாது. கேட்டதை மறக்காமல் கொண்டுபோய்ப் பாடிவிட வேண்டும். இந்த நம்பிக்கை எத்தனை ஆண்டுப் பழக்கத்தில் வந்திருக்கும்! நம் இலக்கியக் கூட்டங்களில், ஒருவர் கவிதையை இன்னொருவர் வாசித்தால் ஏற்படுகிற மனத்தாங்கலைக் கண்டவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகக்கூட இருக்கலாம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மார்க் கெர்ஜிஸ் என்ற ஈராக்கிய வேருள்ள அமெரிக்க இசைஞர் 1997 முதல் சிரியாவுக்குப் போய்வந்தவர். டமஸ்கஸ் கடைகளில் இந்தக் கசெட்டுகளை வாங்கிக் குவித்தார். அவற்றிலிருந்து தெரிந்தெடுத்த பாடல்கள் 'ஹஸகா நெடுஞ்சாலை' என்ற பொருள்படும் தலைப்போடு 2007 இல் அமெரிக்காவில் வெளியாகின. 2009 தொடக்கம் ஐரோப்பிய மேடைகள். 2011 இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழா. அதே ஆண்டு ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் பாட்டுக்கு மறுவடிவம். 2013 இல் 'வேனு வேனு' என்ற தொகுப்பு. அந்த டிசம்பரில் ஒஸ்லோவில் நோபல் சமாதானப் பரிசு இசைவிழாவிலும் பாடினார். அந்த ஆண்டுப் பரிசு, இரசாயன ஆயுதத் தடைக்கான அமைப்புக்குப் போனது. டமஸ்கஸின் புறநகரான கூத்தாவில் நச்சுவாயுவால் மக்கள் மடிந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம். அந்த மேடையில் ஒரு சிரியக் கலியாணப் பாட்டு.

இந்த மேடைகளில் பெரும்பாலும் இரண்டே பேர்தான். பாடகரும் கீபோர்ட்காரரும். காதோரம் நின்றவர் இல்லை. ஏன் என்று கேட்கத் தேவையில்லை. இலண்டனிலோ ஒஸ்லோவிலோ கீழே துள்ளுகிற ஆயிரக்கணக்கானோரில் அதாபாவின் மூன்றாவது 'ஐன்' விளங்குகிறவர் எத்தனை பேர்? விளங்காதவர்களுக்கு முன்னால் புதிதாக ஒரு நாலடி கட்டிக் கொடுக்க ஆள் எதற்கு? தாளம் போதும். மின்சாரம் போதும். நிறுத்தி நீட்டிப் பாடுகிற இடங்கள் குறைந்து வேகம் முன்னே வந்தது.

இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அந்தப் பயணம் இல்லாவிட்டால் என் போன்றவன் அந்த ஜஸ்ராவியின் லொறியை விட்டிறங்கிய பிறகு இந்தப் பாட்டைத் திரும்பக் கேட்டிருக்கவே மாட்டான். கெர்ஜிஸும் நண்பர்களும் பிறகு சிரியக் கசெட்டுகளுக்கென்றே ஓர் ஆவணகம் அமைத்துக் காத்துவருகிறார்கள். ஹர்பியின் பெயரும் அவர் காதில் சொல்கிற விதமும் வெளியில் தெரியவந்ததே அவர்கள் எழுதிய குறிப்புகளால்தான். ஆனாலும் உலகம் ஆடியது இந்தக் குழுவின் முக்கால் பங்குக்குத்தான். மிச்சக் கால் பங்கு மொழிக்குள்ளேயே தங்கிவிட்டது.

அந்த மொழி புழங்கிய ஊரும் தங்கவில்லை. உமர் சுலைமானின் ஊர்ப்பக்கம் ராஸ் அல்-ஐன். பெயரைப் பாருங்கள், ஊற்றின் தலை. காபூர் ஆற்றுக்கு நீர் கொடுத்த பேரூற்றுகள் அங்கே இருந்தன. சுற்றிலும் ஆழ்கிணறுகள் பெருகிப் பெருகி 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலேயே அவை வற்றிப்போயின. பிறகு யுத்தம். 2012 நவம்பரில் அந்த ஊருக்குள் சண்டை புகுந்தது. 2019 ஒக்டோபரில் துருக்கியப் படையும் அதன் சார்பான குழுக்களும் ஊரைக் கைப்பற்ற, சனங்களில் பெரும்பகுதி வெளியேறியது. அரபிக் கலியாணத்தில் குர்தியரும் அசிரியரும் தோள் சேர்ந்து ஆடிய அந்த வரிசையில், யார் எந்த அகதி முகாமில் என்று சொல்ல ஆளில்லை. 1990 இல் வடக்கிலிருந்து இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

உமர் சுலைமான் 2011 இலேயே துருக்கிக்குப் போய்விட்டார். பேட்டிகளில் அரசியல் கேட்டால் ஒதுங்கிக்கொள்வார், கலியாணப் பாடகனிடம் அதைக் கேட்காதீர்கள் என்பது போல. எல்லையோர ஊரான அக்சகாலேயில் ஏழைகளுக்கு இலவசமாக ரொட்டி கொடுக்கும் ஒரு பேக்கரியையும் ஏற்படுத்தியிருந்தார். அப்படியிருந்தும் 2021 நவம்பரில் துருக்கிப் பொலிஸார் அவரைக் கைதுசெய்து விசாரித்து விட்டார்கள். 2017 இல் வந்த தொகுப்புக்கு 'சிரியாவுக்கு, அன்புடன்' என்று கடிதம் போலத் தலைப்பிட்டார். அதில் கீபோர்ட் ஹஸன் அலோ, அவரும் ஹஸகாக்காரர். 2019 இல் வந்த 'ஷ்லோன்' தொகுப்புக்குக் கவிதை மூஸா அல்-மர்தூத் என்பவர். பாட்டுப் பதிவாகும்போதே கூட இருந்து எழுதிக் கொடுத்தாராம். இதை வாசித்தபோது எனக்கு ஒரு சின்ன ஆறுதல். காது மாறவில்லை, வாய்தான் மாறியிருக்கிறது. 2024 இல் வந்த தொகுப்பின் பெயர் 'எர்பில்'. ஈராக்கியக் குர்திஸ்தானின் தலைநகர் அது. அவர் போய்ச் சேர்ந்த ஊர். அந்த ஆண்டு டிசம்பர் 8 ஆம் திகதி அசாத்தின் ஆட்சி விழுந்தது.

இதையெல்லாம் தேடிப் படித்த நாட்களில் என் மனம் அடிக்கடி நம் பக்கமே திரும்பியது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் கவிகளும் நாலடிதான். வயற்காவற் பரணில் இருந்தும், மச்சான் மச்சி உறவில் கேள்வியும் பதிலுமாகவும் பிறந்தவை. அவற்றைத் தேடித் தொகுத்த எஸ். முத்துமீரான் போன்றவர்கள் இல்லையென்றால் பாதி போயிருக்கும். தொகுதிகளில் பாட்டு இருக்கிறது. கட்டியவரின் பெயர் இருக்கிற பாட்டு எத்தனை? 'நாட்டார் பாடல்' என்று தலைப்பிட்டு விடுவதோடு நம் கடமை தீர்கிறது. அக்கரைப்பற்றிலோ நிந்தவூரிலோ ஏதோ ஒரு பெண், நெல் குற்றும்போதோ பிள்ளையைத் தாலாட்டும்போதோ கட்டிய அடியை இன்று ஆய்வுக் கட்டுரையில் மேற்கோள் காட்டுகிறோம். அவளுடைய காலத்தில் அவளருகில் நின்று கேட்டவர்களுக்கு அவள் யாரென்று தெரியும்.

சிலர் இதற்கு வேறு வகையில் பதில் சொல்வார்கள். பாட்டும் ஆட்டமும் கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் போய்விடுவார்கள். அதைத் தீர்ப்பது இந்தக் கட்டுரையின் வேலையன்று. றபானும் பைத்தும் பொல்லடியும் இல்லாமற்போன கலியாண வீட்டில் அந்த இடத்தைச் சினிமாப் பாட்டு நிரப்புவதைத்தான் நான் காண்கிறேன் என்பதை மட்டும் சொல்லி நகர்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பகுதியில் பொல்லடி ஆட்டுவிக்கும் ஒரு வயதான அண்ணாவியாரைப் போய்ப் பார்த்தேன். இப்போது அவர்களுக்குக் கலாசார விழாக்களில் பத்து நிமிடம் கிடைக்கிறது. சீருடை, வரவேற்பு, படம், அவ்வளவுதான். அவருக்கு மூச்சு முட்டுகிறது, பாட முடியவில்லை. பேரன்தான் பாடுகிறான். ஒரு பாட்டை அவன் பாடக் கேட்டேன். மூன்றாவது அடியில் அவன் தடுமாற, கிழவர் கதிரையில் இருந்தபடியே சொல்லை எடுத்துக் கொடுத்தார். பாட்டு முடிந்ததும், இதைக் கட்டியவர் யார் என்று கேட்டேன்.

"எங்கட மூத்தவாப்பாட கூட்டாளி ஒராள் மகன். பொல்லெடுத்து ஆடமாட்டார். வட்டத்துக்கு வெளியில குந்திக்கிட்டுச் சொல்லிக் குடுப்பார்."

பெயரைக் கேட்டேன். சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டேன். பாட்டையும் எழுதிக்கொள்ளட்டுமா என்றதற்கு, பேரனைப் பார்த்து, "இன்னொருக்காப் படி மகன், மெதுவா" என்றார்.